பால் சென்டரும் பதினெட்டு வரித் திருத்தமும்

பலமனேரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பால் சென்டரிலிருந்து எனக்கு முதல் போன் வந்தபோது, திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டயர் கடையின் மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.சி.ஏ. முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும், மீதிப் பேர் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் போய்விட்டார்கள். காலேஜுக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகள் வைத்த எழுத்துத் தேர்வுகளில் எல்லாம் நான் தேறினேன். அதற்குப் பிறகு வட்டமாக உட்கார வைத்து இங்கிலீஷில் பேசச் சொல்வார்கள். அங்கே ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்காமல் எழுந்து வந்தேன். எங்கள் ஊர் நாராயணவனத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தைக்கூடப் பிற்பாடு நானாகத்தான் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் எனக்குக் கம்ப்யூட்டர் திரையில் வரும் பிழைச் செய்திகளாகத்தான் பழக்கம். அந்தப் பாஷையில் ஒருவரிடம் கோபித்துக்கொள்ளவோ நன்றி சொல்லவோ எனக்குத் தெரியாது.

டயர் கடை மாடியில் நாங்கள் ஆறு பேர். முதலாளி தெலுங்குக்காரர். பெங்களூரில் பத்து வருஷம் வேலை செய்துவிட்டு, சொந்த ஊரிலேயே ஏதாவது செய்கிறேன் என்று திரும்பி வந்தவர். கிராமத்துப் பால் சென்டர்களுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு என்பதை நோட்டில் எழுதுவதற்குப் பதிலாகச் சென்டர் செக்ரட்டரி கம்ப்யூட்டரில் தட்டிவிடுவார். முதலில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும் திருப்பதியில் இருக்கும் எங்கள் சர்வர் அந்தச் சென்டருக்கு ஒரு டோக்கன் அனுப்பும். இவர் இன்னார், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இவரை உள்ளே விடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நீளமான எழுத்துச் சரம், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அது புதிதாகிக்கொள்ளும். கிராமத்தில் நெட் போய்விட்டாலும் வேலை நிற்கக்கூடாது என்பதால், டோக்கன் செல்லுமா செல்லாதா என்று சென்டர் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி வைத்திருந்தோம்.

போன் செய்தவர் செக்ரட்டரி. நாற்பது வயதிருக்கும், பெண்மணி. வீட்டில் தமிழ் பேசுகிறவர்.

“இன்னா பாப்பா, உங்க கம்ப்யூட்டரு என்ன நம்ப மாட்டேங்குது. உள்ள உடமாட்டேங்குது. கேனத் தூக்கிக்கினு ஜனம் நின்னுக்கினு கீது.”

“இப்ப ஒரு தடவ திறந்து பாருங்கக்கா.”

“இரு... இப்ப போவுது. சரி வை.”

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். நான் போனை எடுத்து என்ன ஏது என்று விசாரிப்பதற்குள் தானாகச் சரியாகிவிடும். முதலாளி சிரித்தார். “சூடம்மா, ஆமெகி ஓப்பிக லேது,” என்றார். அந்தம்மாவுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான் என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தம்மா நிறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் போனில், “நீ வந்து பக்கத்துல உக்காந்து பாரு பாப்பா. பார்த்துட்டு அப்பறம் எனக்குப் பொறும இல்லன்னு சொல்லு,” என்றார். முதலாளி சொன்னது அவர் காதுக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. எங்களில் ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் கிளம்பிச் சித்தூரில் பஸ் மாறி, மதியத்துக்கு மேல் பலமனேர் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. சென்டர் என்பது ஒரே அறை. ஒரு பக்கம் எடை பார்க்கும் மிஷின், கொழுப்பு பார்க்கும் மிஷின், மறு பக்கம் பிளாஸ்டிக் உறை போர்த்திய கம்ப்யூட்டர். செக்ரட்டரி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்ளோ சின்னப் பொண்ணா நீ? போன்ல பெரிய ஆளு மாதிரி பேசினியே,” என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்தார்.

சாயங்காலப் பாலுக்கு ஐந்து மணிக்கே வரிசை சேர்ந்துவிட்டது. அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பாஸ்வேர்டு போட்டார். ‘டோக்கன் இன்னும் செல்லுபடி ஆகவில்லை’ என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“இன்னும்னா? சாமி பார்க்க மலைக்குப் போறவங்களுக்கு டைமு போட்டு டோக்கன் குடுக்கறாங்களே, அந்த மாதிரியா? முன்னாலயே போனா வாசல்ல நிறுத்திடுவாங்களே.”

“அதே மாதிரிதான் அக்கா.”

“அப்ப நான் முன்னாலயே வந்துட்டேன்னு சொல்லுதா? அஞ்சி மணிக்குத்தான தெனம் தொறக்கறேன்?”

எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் எண்கள். எப்போது நின்றது, எப்போது போனது என்று அவருடைய செல்போனில் மணி பார்த்து எழுதியிருக்கிறார். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. மாத ஆரம்பத்தில் நான்கு நிமிடம் நின்றிருக்கிறது. நடுவில் ஆறு. அன்றைக்கு முந்தின நாள் ஒன்பது.

“யாரும் நம்பலன்னா எழுதித்தான வைக்கணும்?” என்றார்.

நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த போனில் மணி ஐந்து தாண்டி ஆறு நிமிடம். கம்ப்யூட்டரின் மூலையில் நான்கு ஐம்பத்தேழு. அங்கே தினமும் கரண்டு போய்ப் போய் வரும். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கரண்டு போகும்போதும் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. சர்வர் ஐந்து மணிக்குக் கொடுத்த டோக்கனை, ‘மணி ஐந்து ஆகட்டும், அப்புறம் விடுகிறேன்’ என்று சென்டர் கம்ப்யூட்டர் நிறுத்திவைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் புது டோக்கன் வந்ததும் மறுபடியும் ஒன்பது நிமிடம்.

இதை நான் விளக்கிச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, “கேட்டுக்கினிங்களா? நான் இன்னா சொன்னேன்? மிஷினு மேலதான் தப்பு!” என்று சத்தமாகச் சொன்னார். இரண்டு வாரமாக அவர்தான் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டார் என்று ஊரில் பேச்சாம்.

கடிகாரத்தைச் சரிசெய்து வைத்துவிட்டுத் திரும்பினேன். நான்கே நாளில் மறுபடியும் ஒரு நிமிடம் பின்னால் போயிருந்தது. மற்ற சென்டர்களுக்கும் போன் போட்டுப் போட்டு மணி கேட்டோம். கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு சென்டரில் மூன்று நிமிடம் பின்னால். இன்னொன்றில் ஐந்து. பேட்டரியை மாற்றலாம்தான், ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஆள் போய்ச் சேர மாதங்கள் ஆகும். ஒரு சில நிமிடம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, உள்ளே விடு என்று டோக்கனைப் பார்க்கும் புரோகிராமிடம் சொல்ல முடிந்தால் போதும்.

அங்கேதான் சிக்கல். டோக்கனைச் சரிபார்க்கும் புரோகிராமை நாங்கள் எழுதவில்லை. கையெழுத்து நிஜமா போலியா என்று பார்ப்பது கணக்கு நிறைந்த வேலை. சின்னத் தப்பு நேர்ந்தாலும் வழிப்போக்கர் எல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள். அதனால் யாரோ எங்கேயோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து படிக்கலாம், திருத்தம் சொல்லலாம் என்று பொதுவில் வைத்திருந்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றை எடுத்துப் போட்டிருந்தோம். அதில் இந்தச் சலுகைக்கு இடமே இல்லை. ஒரு வினாடி முன்னால் வந்தாலும் கதவைச் சாத்திவிடும்.

“அதி மன கோட் காதம்மா,” என்றார் முதலாளி. அது நாம் எழுதிய கோட் இல்லையே, என்ன செய்வது என்கிறார். பிறகு அவரே, “ஃப்ரீதானே? உள்ள புகுந்து மாத்திடு,” என்றார்.

மாற்றியிருக்கலாம். ஆனால் அவர்கள் புதுப் பதிப்பு வெளியிடும்போதெல்லாம் நான் மறுபடியும் உள்ளே புகுந்து மாற்ற வேண்டும். நான் இல்லாத காலத்தில் யார் செய்வார்கள்? அந்த லைப்ரரியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு ஆள். பனி பெய்கிற தேசம் ஒன்றில் இருந்தார். தன் முகத்துக்குப் பதில் ஒரு படகின் படத்தைப் போட்டிருந்தார். அவருக்கே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆறு வரி எழுத ஒரு பகல் ஆனது. ‘டியர் சார்’ என்று ஆரம்பித்தேன். இறந்தகாலமா நிகழ்காலமா, அந்தச் சொல் சரியா என்று பார்த்துப் பார்த்து எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.’ அதோடு சரி. கேள்வி முடிந்தது என்று மூடியும் வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் இலக்கணத்தை எல்லாம் மறந்தேன். பால் சென்டர் என்றால் என்ன என்பதிலிருந்து எழுதினேன். கறந்த பால் எவ்வளவு நேரம் தாங்கும், கரண்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும், வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு கூலி வேலைக்குப் போக வேண்டியவர்கள், ஒரு அம்மா காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், அவரைத்தான் ஊர் குறை சொன்னது. நீங்கள் இருக்கும் ஊரில் கடிகாரம் எல்லாம் ஒழுங்காக ஓடும் போலிருக்கிறது, எங்கள் ஊரில் ஓடாது, ஆனால் உங்கள் லைப்ரரி எங்கள் ஊரிலும் ஓடுகிறது என்று முடித்தேன். அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். தப்புகள் ஏராளம். ஆனால் ஒரு இடத்திலும் புரியாமல் இல்லை.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மூடிய கேள்வியை அவரே திறந்திருந்தார். ‘நான் அவசரப்பட்டுவிட்டேன். இப்போது புரிகிறது’ என்று ஆரம்பித்து நான்கு கேள்விகள் கேட்டிருந்தார். எத்தனை நிமிடம் சலுகை? அதை யார் தீர்மானிப்பது? ஒருவர் ஒரு வருஷம் என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? இதை நீங்களே எழுதித் தருகிறீர்களா?

கடைசிக் கேள்வியைத்தான் நான் பல தடவை படித்தேன்.

பதினெட்டு வரி. நான் எழுதியது அவ்வளவுதான். சாதாரணமாகச் சலுகை எதுவும் கிடையாது. வேண்டுமென்பவர் இத்தனை வினாடி என்று சொல்லிக்கொள்ளலாம். பத்து நிமிடத்துக்கு மேல் கேட்டால் லைப்ரரி மறுத்துவிடும். பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். காலண்டரில் அதிகபட்சம் ஒன்பது இருந்தது, அதற்கு மேல் ஒன்று கூட்டினேன் என்று எழுதினேன். ‘இதைவிட நல்ல காரணம் என்னிடமும் இல்லை’ என்று பதில் வந்தது.

ஆனால் அவர் லேசில் விடவில்லை. ஆறு தடவை திருப்பி அனுப்பினார். இந்தப் பெயர் குழப்புகிறது, இந்த வரி எதற்கு, இது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எங்கே. காலேஜில் யாரும் என் புரோகிராமை இப்படி வரி வரியாகப் படித்ததில்லை. முதல் இரண்டு தடவை அவமானமாக இருந்தது. மூன்றாவது தடவையிலிருந்து, காலையில் டயர் கடைப் படி ஏறும்போதே இன்றைக்கு என்ன சொல்லியிருப்பார் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. மதியம் சாப்பிடும்போதும் ஒரு கையால் போனில் படித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து நாற்காலிக்காரர், “யாரும்மா அது, மாப்பிள்ளையா?” என்று கேலி செய்வார்.

டெஸ்ட் எழுதும்போதுதான் அது நடந்தது. டோக்கன் காலாவதி ஆகும் நேரத்தை எப்படியெல்லாம் எழுத முடியும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணாகப் போட்டால் சரியாகப் பார்க்கிறது. அதே எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகப் போட்டால் லைப்ரரி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறது. அதாவது அந்த டோக்கனுக்கு முடிவே கிடையாது. எங்கள் சர்வரின் பழைய புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அது காலாவதி நேரத்தை எழுத்தாகத்தான் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முன் அதே நாற்காலியில் இருந்து ஹைதராபாத் போய்விட்டவருடைய பழைய டோக்கன் ஒன்று ஒரு ஃபைலில் கிடந்தது. எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. எடுத்துப் போட்டேன். எல்லாக் கதவும் திறந்தது.

பயத்தைவிட எனக்குப் பெருமைதான் அதிகமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். யாரும் பார்க்காத ஓட்டையை நான் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். கிளம்புவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று லைப்ரரியின் பொதுப் பக்கத்திலேயே, எல்லோரும் படிக்கும் இடத்தில், எப்படிச் செய்தால் ஓட்டை திறக்கும் என்று படிப்படியாக எழுதிப் போட்டேன். புத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, யாராவது பாராட்டியிருக்கிறார்களா என்று போனைத் திறந்தால் நான் எழுதியதைக் காணோம். அழிக்கப்பட்டிருந்தது. அவரிடமிருந்து ஒரு வரி மட்டும் மெயிலில் வந்திருந்தது: ‘இதைப் பொதுவில் எழுதாதீர்கள். பிறகு எழுதுகிறேன்.’

வடமாலப்பேட்டை தாண்டும்வரை அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு போன் செத்துவிட்டது.

வீட்டில், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா வயலிலிருந்து வந்து தொட்டியருகே கால் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப காலம் அடுத்தவர் மாந்தோப்பில் கூலிக்குப் போனவர். அப்போதுதான் ஒன்றரை ஏக்கரில் சொந்தமாக வேர்க்கடலை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னாத்துக்கு மூஞ்சி தொங்கிக்கினு கீது?”

“ஒரு தப்பு பண்ணிட்டேன் நைனா.”

“ஆபீஸ்லயா?”

“ஆபீஸ்ல இல்ல. வெளிநாட்டுல ஒருத்தரு கீறாரு. அவர் செஞ்ச சாமானத்துல ஓட்ட கீதுன்னு ஊரே பார்க்கற மாதிரி எழுதிட்டேன். கோச்சிக்கினாரு போல.”

“உனக்குச் சம்பளம் அவரா குடுக்கறாரு?”

“இல்ல.”

“அவருக்கு யாரு குடுக்கறாங்க?”

“அவருக்கும் யாரும் குடுக்கல. சும்மா செய்யறாரு.”

நைனா வாய் கொப்பளித்துத் துப்பினார். “ஓட்ட கீதா இல்லயா, அதச் சொல்லு.”

“கீது.”

“அப்ப இன்னாத்துக்கு அழுவற? வூட்டுல தேளு பூந்துச்சின்னா சொல்லித்தான ஆவணும். தெருவுல நின்னு கத்தாம, உள்ள வந்து சொல்லியிருக்கலாம். அவ்ளோதான். போயி மூஞ்சி கழுவு, துன்னுட்டு அப்பறமா பாரு.”

சாப்பிட்டேன். போன் சார்ஜ் ஏறியதும் திறந்தேன். அவருடைய மெயில் வந்திருந்தது. நீளமாக எழுதியிருந்தார். நைனா சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருந்தார், நிதானமான இங்கிலீஷில். இந்த லைப்ரரியைப் போட்டிருக்கும் எல்லோரும் தங்கள் கதவைப் பூட்டிக்கொள்வதற்கு முன்பே ஓட்டையைப் பற்றி எல்லோரும் படித்துவிடக்கூடாது. முதலில் ரகசியமாகச் சொல்ல வேண்டும், அடைத்த பிறகு பொதுவில் சொல்ல வேண்டும். ‘ஆனால் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று நான் எந்த இடத்திலும் எழுதி வைக்கவில்லை. அது என் தப்பு, உங்களுடையது அல்ல. இன்று எழுதி வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் இதை ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். இதை என்னோடு சேர்ந்து சரிசெய்ய உங்களுக்கு விருப்பமா?’ கடைசியில் ஒரு வரி: ‘பின்குறிப்பு. நான் சார் இல்லை.’

படகின் படத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு பெண்மணி. துறைமுக ஆபீஸ் ஒன்றில் வேலை. மகனுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஒன்றரை மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் நான் அவரை ‘டியர் சார்’ என்று அழைத்திருக்கிறேன். அவரும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “பொம்பளயா? அதான் ஆறு தடவ திருப்பி அனுப்பிக்கீது,” என்றாள்.

சரிசெய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எங்கள் சர்வரில் உடனே மாற்றிக்கொள்ளலாமா என்று படகுக்காரம்மாவிடம் கேட்டேன். உங்கள் வீட்டுக் கதவைப் பூட்ட என்னைக் கேட்க வேண்டாம் என்றார். திங்கட்கிழமை முதலாளியிடம் அந்தப் பழைய டோக்கனைப் போட்டுக் காட்டினேன். அவர் சட்டென்று எழுந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, “எவரிகி தெலுசு?” என்று கேட்டார். யார் யாருக்குத் தெரியும்? நமக்கும் அந்த லைப்ரரிக்காரம்மாவுக்கும் மட்டும் என்றேன். அன்று சாயங்காலமே இருவருமாக உட்கார்ந்து பழைய டோக்கன்களை எல்லாம் செல்லாமல் ஆக்கினோம். போகும்போது, “அந்தப் பலமனேர் அம்மாவுக்கு நான் ஒரு ஸாரி சொல்லணும்,” என்றார். நிஜமாகவே போன் போட்டுச் சொன்னார். அக்கா என்ன பதில் சொன்னாரோ தெரியவில்லை, முதலாளி காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

புதுப் பதிப்பு வெளிவந்தது. கூடவே போடும் குறிப்பில் ஓட்டையைக் கண்டுபிடித்தவர், சலுகை நேரத்தைச் சேர்த்தவர் என்று இரண்டு இடத்தில் லைப்ரரிப் பக்கத்தில் நான் வைத்திருந்த பெயர் இருந்தது. சென்டர்களில் டோக்கன் தடைப்படுவது நின்றது. நாங்கள் ஊர் ஊராகப் போய் பேட்டரியும் மாற்றினோம். அதற்கு எட்டு மாதம் பிடித்தது.

அடுத்த வருஷம் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். வட்டமாக உட்கார வைக்கவில்லை. ஒரே ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அந்தப் பதினெட்டு வரியைத் திறந்து வைத்துக்கொண்டு, இதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். நான் முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினேன். பேசி முடித்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

பெங்களூரில் மூன்று வருஷம் இருந்தேன். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ஊர். பிறகு கல்யாணம் ஆனது. கணவருக்குத் திருப்பதியில் ஒரு காலேஜில் லெக்சரர் வேலை. என் கம்பெனியும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சம்மதித்தது. திரும்பி வந்துவிட்டேன். டயர் கடை மாடியில் இப்போது போட்டோ ஸ்டூடியோ. முதலாளியின் ஆபீஸ் பெரிய கட்டிடத்துக்குப் போய்விட்டது. வழியில் பார்த்தால் காரை நிறுத்திவிட்டுப் பேசுவார்.

லைப்ரரியை இப்போது நாங்கள் நான்கு பேர் கவனித்துக்கொள்கிறோம். படகுக்காரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வாரம் ஒரு தடவை எட்டிப் பார்த்து, ‘இந்த வரி எதற்கு?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். எத்தனையோ தேசத்திலிருந்து யார் யாரோ எழுதுகிறார்கள். சிலர் கோபமாக, சிலர் பயந்து பயந்து. பயந்து எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் பதில் போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தால் புதிதாக ஒரு திருத்தம் வந்திருந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியாது, பெயரும் படிக்க வாயில் நுழையவில்லை. சலுகை நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பக்கம் நான்தான் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு சொல்லுக்கு எழுத்துப்பிழை. ஒரே ஒரு எழுத்து. இத்தனை வருஷமாக எத்தனை பேர் படித்திருப்பார்கள், ஒருவரும் சொல்லவில்லை. இவர் அந்த ஒரு எழுத்தை மாற்றி, மன்னிக்கவும், சின்ன விஷயம்தான் என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றி எழுதித் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன்.

“எவ்ளோ நேரமா கூப்டறேன்? சோறு ஆறிப்போவுது, துன்ன வரியா இல்லியா?” என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். லேப்டாப்பை மூடிக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனேன். காராமணிக் குழம்பு, முருங்கைக்கீரை. நைனா ஏற்கெனவே பாதி சாப்பிட்டு முடித்திருந்தார்.